மகனுக்குக் களைப்பா? சைக்கிள் டயரையும் பாருங்கள்



புத்தளம் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எனக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்று எழுதியிருந்தார். மூன்றரைப் பக்கமும் மகனைப் பற்றிய முறைப்பாடு. பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை. பாடசாலை விட்டு வந்தால் சோற்றைக் கூடச் சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிடுகிறானாம். லுஹரை அஸர் நெருங்கும் வேளையில்தான் அவசர அவசரமாகத் தொழுகிறானாம். மாலை வகுப்புக்குப் போகச் சொன்னால் "கால் நோகுது உம்மா, இனிமேல் அந்த வகுப்பு வேணாம்" என்கிறானாம். சோம்பேறி என்று ஏசிப் பார்த்தார். வாப்பா வெளிநாட்டில் இருப்பதால் பிள்ளை கைமீறிப் போகிறதோ என்று அழுதும் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்று இரத்தம் சோதித்தார். ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில், பிள்ளைக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதற்கு ஆதாரமாக, ஒரு வரி சேர்த்திருந்தார். "இரண்டு மாதத்துக்கு முன்னர் சைக்கிளுக்கு இரண்டு டயரும் புதிதாக, கடையில் இருந்ததிலேயே பெரிய கட்டை வைத்த டயராகப் பார்த்து வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்."

என் வாப்பா முப்பது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அந்த வரியைப் படித்ததும் மற்ற மூன்றரைப் பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டேன். பிள்ளை எப்போதிருந்து களைக்கத் தொடங்கினான் என்று திரும்பப் பார்த்தால் அதுவும் ஏறத்தாழ இரண்டு மாதம்!

சைக்கிள் டயர் ஆண்களின் விஷயம் என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் வாப்பாவும் நானாவும் வெளிநாட்டில் இருக்கும் எத்தனை வீடுகளில் கடைக்குப் போய்க் காசை எண்ணிக் கொடுப்பவள் உம்மாதான்! 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற நாட்களில் மூலையில் கிடந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. இல்லாதவர்கள் கிடைத்ததை வாங்கினார்கள். இந்தச் சகோதரியின் மகனுக்கு மாமா வாங்கிக் கொடுத்ததும் அந்த வருடம்தான். 26 அங்குலச் சில்லுள்ள மவுண்டன் பைக். அப்படி வாங்கிய சைக்கிள்களுக்கெல்லாம் டயர் மாற்றும் காலம் வந்து போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று நினைத்தேன்.

டயர் எப்படிப் பிள்ளையைக் களைக்கச் செய்யும் என்று முதலில் பார்ப்போம்.

சில்லு உருளும்போது தரையில் படும் இடத்தில் டயர் சப்பையாகிறது. அந்த இடம் மேலே போனதும் மறுபடி உருண்டையாகிறது. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் இறப்பர் நசுங்கி நசுங்கி எழும்புகிறது. நசுக்குவதற்குச் செலவான சக்தி முழுவதையும் இறப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி சூடாகப் போய்விடுகிறது. அந்தச் சூட்டுக்கான செலவைக் கட்டுபவை பிள்ளையின் கால்கள். மவுண்டன் பைக் டயரில் துருத்திக்கொண்டிருக்கும் இறப்பர்க் கட்டைகள் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால், தார் வீதியிலும் இறுகிய தரையிலும் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக வளைந்து நிமிர்கிறது. தார் வீதியில் அந்தச் சைக்கிள் வரும்போது 'ர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் கேட்கும், கவனித்திருப்பீர்கள். அந்த இரைச்சலும் பிள்ளை மிதித்த மிதியிலிருந்து எடுத்ததுதான்.

எவ்வளவு போகிறது என்று கேட்பீர்கள். கணக்கு எளிது. டயரின் உருளும் தடை, பிள்ளையும் சைக்கிளும் சேர்ந்த பாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால், அது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 10 மீற்றர் மேடு ஏறுவதற்குச் சமம். காற்றுக் குறைந்த முரட்டுக் கட்டை டயருக்கும், இலேசாக ஓடும் நல்ல டயருக்கும் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை வித்தியாசம் வரலாம். நமது சகோதரியின் மகன் பாடசாலைக்குப் போவது 7 கிலோமீற்றர். ஆகவே ஒரு தடவை போகும்போது 35 முதல் 70 மீற்றர் வரை அவன் அநியாயமாக ஏறுகிறான். உங்கள் தோட்டத்து நெட்டைத் தென்னை 20 மீற்றர் இருக்குமா? அப்படி இரண்டு மூன்று தென்னைகளின் உயரத்துக்குச் சைக்கிளோடும் புத்தகப் பையோடும் ஏறிவிட்டுத்தான் அந்தப் பிள்ளை வகுப்பில் உட்காருகிறான். வரும்போது நடுப்பகல் வெயிலில் மறுபடியும் அவ்வளவு. மாலை வகுப்புக்கு இன்னொரு தரம். சோம்பேறி என்று ஏசியதற்கு அந்தச் சகோதரி வருந்தினார். வருந்த வேண்டியதுதான், ஆனால் தெரியாமல் செய்ததாயிற்றே.

இந்தப் பெரிய கட்டை டயர் எங்கிருந்து வந்தது என்ற கதையைச் சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் என்றொரு மாவட்டம். அங்குள்ள டமல்பைஸ் மலைப்பக்கத்தில் 1970களில் சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட பாரமான பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, தூசி பறக்கும் மலைப்பாதையில் கீழ்நோக்கி ஓட்டினார்கள். 1976 ஒக்டோபர் 21இல் முதலாவது போட்டி நடந்தது. இறக்கம் அவ்வளவு செங்குத்து. பின்சில்லின் பிரேக் சூடேறி உள்ளே இருந்த கிறீஸ் புகையாகப் போய்விடுமாம். ஓடி முடித்ததும் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டும் என்பதால் அந்தப் பாதைக்கே 'ரீபக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முக்கியமான செய்தி என்னவென்றால், மேலே போக அவர்கள் பல தடவை லொறியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனார்கள்! ஏற லொறி, இறங்கச் சைக்கிள். அப்படிப்பட்டவர்களுக்குத் தடித்த கட்டை டயர் மிகப் பொருத்தம். பிறகு 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் இதற்கென்றே புதிதாகச் சட்டம் அமைத்தார். 1981இல் தொழிற்சாலையில் பெருந்தொகையாகச் செய்த மவுண்டன் பைக் கடைக்கு வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் வரை போய்விட்டது. ஆனால் ஒலிம்பிக்கில் மேடும் பள்ளமுமாக ஓடுகிறவர்கள், தரை காய்ந்திருந்தால் பெரிய கட்டை டயரைத் தொடுவதே இல்லை. கட்டைகள் சிறிதாகவும் நெருக்கமாகவும் உள்ள, விரைந்து உருளும் டயரைத்தான் போடுகிறார்கள். நம் கடைகளிலோ 'மவுண்டன்' என்றால் கட்டை பெரிதாக இருக்க வேண்டும் என்று வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒன்றாக நம்பிக்கொண்டிருக்கிறோம். வாப்பா சொல்வார், "பார்த்தால் புலி, ஓட்டினால் எருமை" என்று.

இனி உங்கள் ஊர்ப் பாதைக்கு வருவோம். புத்தளம், மன்னார், அநுராதபுரம், அம்பாறை என்று உலர்ந்த பகுதிகளில் இருக்கும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். மாரி முடிந்த பின் ஆண்டின் பெரும் பகுதி பாதை காய்ந்து இறுகிக் கிடக்கிறது. இறுகிய கிறவலுக்கு மேலே சிறு கற்கள் உருண்டு கிடக்கும். இடையிடையே மணல். குளக்கட்டுப் பாதையென்றால் மண் சீமெந்து போல இறுகியிருக்கும். இந்தத் தரைக்குள் கட்டை புதைந்து பிடிப்பதற்கு இடமே இல்லை. கட்டை உயரமாக இருந்தால் அது தரைக்கு மேலே நின்று ஆடும், அவ்வளவுதான். சேற்றுக்குத்தான் உயரமும் இடைவெளியும் தேவை.

ஆகவே கடையில் டயரைக் கையில் எடுத்தால் முதலில் நடுப்பகுதியைப் பாருங்கள். நடுவில் உள்ள கட்டைகள் தாழ்வாகவும், ஒன்றோடொன்று நெருங்கி ஏறத்தாழத் தொடர் கோடு போலவும் இருக்க வேண்டும். விரலை வைத்து இழுத்தால் படியில் தட்டுப்படுவது போல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஓரத்துக் கட்டைகள் நடுவில் உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது நல்லது. நேராகப் போகும்போது அவை தரையில் படுவதில்லை, ஆகவே இழுப்பதும் இல்லை. வளைவில் சைக்கிள் சாயும்போது அவைதான் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். சில டயர்கள் நடுவும் ஓரமும் முழுக்க வழுக்கையாக இருக்கும். தார் வீதிக்கு அவை நல்லவை. கிறவல் வளைவில் அவற்றை நம்ப வேண்டாம்.

அடுத்தது பக்கச் சுவர். டயருக்குள் இருப்பது நூல். புடைவைக்குச் சொல்வது போலவே இதற்கும் நெருக்கம் உண்டு. அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று சில டயர்களில் 'டீ.பீ.ஐ.' என்று போட்டு 27, 60, 120 என எழுதியிருக்கும். மெல்லிய நூலாக எண்ணிக்கை கூடினால் டயர் வொயில் சேலை போல் மெதுவாக வளையும். ஆகவே இலேசாக உருளும். எண்ணிக்கை குறைந்தால் சாக்குத் துணி போல் விறைப்பாக இருக்கும், இழுக்கும். ஆனால் ஒன்று: 120 நூல் டயரின் சுவர் மிக மெல்லியது. கிறவலில் உள்ள கூரான கல் அதைக் கிழித்துவிடும், விலையும் அதிகம். பாடசாலைப் பிள்ளைக்கு 60 போதும். எண் எழுதப்படாத டயரென்றால் சுவரை இரண்டு விரலால் அமர்த்தி வளைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று டயரை அப்படிப் பார்த்தால் கைக்கே வித்தியாசம் புரிந்துவிடும். மாவு பிசைகிற கைக்கு இது பெரிய வேலையா?

வளைக்கும்போதே வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடை வாசலில் வெயிலில் வருடக்கணக்காகத் தொங்கிய டயர், புதிது என்றாலும் பழையதுதான். மயிரிழை போல் கீறல் தெரிந்தால் விலை குறைத்தாலும் வேண்டாம்.

இப்போது அளவு. இங்கேதான் நம் சகோதரிகள் அதிகமாக ஏமாறுகிறார்கள். '26 அங்குலம்' என்று சொல்லிக் கேட்டால் போதாது. மவுண்டன் பைக்கின் 26 × 1.95 என்பதும், பெண்களுக்கான சாதாரணச் சைக்கிளின் 26 × 1⅜ என்பதும் ஒன்றுக்கொன்று போடவே முடியாத வெவ்வேறு டயர்கள். புள்ளி போட்ட அளவு வேறு, பின்ன அளவு வேறு. இரண்டும் 26 என்றுதான் எழுதியிருக்கும்! குழப்பம் வேண்டாமென்றால் பழைய டயரின் சுவரில் சிறிய எழுத்தில் இருக்கும் மற்ற எண்ணைத் தேடுங்கள். மவுண்டன் பைக்கின் 26இல் 559 என்று முடியும், உதாரணமாக 50-559. பெண்கள் சைக்கிளில் 37-590. வாப்பாமார் ஓட்டும் 28 × 1½ பெரிய சைக்கிளில் 635. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் றிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். இந்த எண்ணை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் கடையில் யாரும் உங்களுக்கு வகுப்பெடுக்க மாட்டார்கள்.

அகலம் குறைந்த டயர்தான் இலேசாக ஓடும் என்றொரு எண்ணம் பலருக்கு இருக்கிறது. தார் வீதியில் கூட அது முழு உண்மையல்ல. ஒரே அளவு காற்றில் அகலமான டயர் குறைவாகவே சப்பையாகும். மணலிலும் கிறவலிலும் ஒல்லி டயர் கத்தி போல் இறங்கிப் புதையும். நமது பாதைக்கு 1.95 அல்லது 2.1 அகலம் சரியானது. வாங்குமுன் சட்டத்துக்கும் டயருக்கும் இடையில் ஒரு விரல் போகும் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வரும்போது கொண்டு வரச் சொல்வதானால் கொன்டினென்டல் ரேஸ் கிங், மெக்ஸிஸ் ஐக்கன், விட்டோரியா மெஸ்கால் போன்றவை காய்ந்த தரைக்கென்று பெயர் பெற்றவை. ஆனால் அங்கே இப்போது 29 அங்குலச் சில்லுதான் அதிகம். 26 என்று அழுத்திச் சொல்லாவிட்டால் பெட்டியில் வருவது சுவரில் மாட்டி வைக்கத்தான் உதவும். உண்மையில் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மேலே சொன்ன அடையாளங்களோடு உள்ளூர்க் கடையில் கிடைக்கும் டயரே ஒரு மாணவனுக்குத் தாராளம்.

அந்தச் சகோதரிக்கு நான் எழுதிய பதிலில், இரண்டு டயரையும் மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். பின்டயரை மட்டும் மாற்றுங்கள், முன்னால் புதிதாகப் போட்ட கட்டை டயர் அப்படியே இருக்கட்டும் என்றேன். வீண்விரயம் ஆகக்கூடாது என்பது ஒன்று. ஆனால் காரணம் அது மட்டுமல்ல.

சைக்கிளில் உட்காரும் பிள்ளையின் பாரத்தில் பெரும் பங்கு பின்சில்லில்தான் இறங்குகிறது. ஆகவே உருளும் தடையில் பெரும் பங்கும் பின்டயருடையது. அதை இலேசாக்கினால் கால் உடனே உணரும். முன்டயரின் வேலை வேறு. அது வழிகாட்டி, அதுதான் வளைவில் பிடிக்க வேண்டும். பின்சில்லு வழுக்கினால் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடும், காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன்சில்லு வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் தம்பிக்கு 15 வயதிருக்கும்போது, வாப்பா அஸர் தொழப் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கடையில் கிடந்த வழுக்கை டயர் ஒன்றை வேகமாக ஓட வேண்டுமென்று முன்சில்லில் மாட்டினான். பின்னால் இருந்ததோ நல்ல கட்டை டயர். பள்ளிவாசல் மூலையில் கிறவல் வளைவு. அவன் பிரேக் பிடித்தது வரைக்கும்தான் நினைவிருக்கிறது என்பான். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தோம். உம்மா அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. வாப்பா ஒரு வார்த்தையும் ஏசவில்லை. கட்டுப் பிரித்த அன்று அவனைக் கடையில் உட்கார வைத்து, எந்த டயர் முன்னால், எந்த டயர் பின்னால் என்று ஒரு முழு மாலையும் சொல்லிக் கொடுத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்று உங்களுக்கு எழுதுவதில் பாதி அந்த மாலையில் கேட்டதுதான்.

டயரை மாட்டும்போது சுவரில் அம்புக்குறி இருந்தால், சைக்கிள் முன்னே போகும்போது சில்லு சுழலும் திசையை அது காட்ட வேண்டும். திருத்துமிடத்தில் அவசரத்தில் மாற்றி மாட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வருமுன் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள்.

இனிக் காற்று. இதற்குச் செலவே இல்லை. ஆனால் பாதி வீடுகளில் கெட்டுப்போவது இதில்தான். ஒரு சாரார் டயர் சப்பையாகி றிம் தெரியும் வரை காற்றடிப்பதில்லை. இன்னொரு சாரார் கல்லுப் போல் அடித்துவிடுகிறார்கள். கல்லுப் போல் அடித்த டயர் நல்ல தார் வீதியில் ஓடும், சரி. கிறவலில் அது ஒவ்வொரு சிறு கல்லிலும் ஏறிக் குதிக்கும். குதிக்கும் ஒவ்வொரு முறையும் பிள்ளையையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது, அந்தச் சக்தியும் வீண். கையும் இடுப்பும் நோகும். கொஞ்சம் மெதுவாக இருந்தால் டயர் கல்லை விழுங்கிக்கொண்டு உருண்டு போய்விடும். 45 கிலோ அளவுள்ள பிள்ளைக்கு 1.95 டயரில் பின்னால் 35 பி.எஸ்.ஐ., முன்னால் 30 என்று தொடங்கிப் பாருங்கள். சுவரில் எழுதியிருக்கும் ஆகக் குறைந்த அளவுக்குக் கீழேயும் ஆகக் கூடிய அளவுக்கு மேலேயும் போக வேண்டாம். டியூப் பஞ்சராகி ஒட்டும்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை தெரிந்தால், காற்றுக் குறைவால் றிம் கல்லில் இடித்து டியூபைக் கடித்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். ஒரே துளையென்றால் பெரும்பாலும் முள். முள்ளை டயரிலிருந்து பிடுங்காமல் டியூபை மட்டும் ஒட்டிப் போட்டால் மறுநாளும் கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

முள் என்றதும் ஞாபகம் வருகிறது. மன்னார்ப் பக்கத்து உடை முள்ளுக்கும் எங்குமுள்ள நெருஞ்சிக்கும் மெல்லிய டயர் அவ்வளவாகத் தாக்குப் பிடிக்காது. விரைந்து ஓடுவதற்கு நாம் கொடுக்கும் விலை அது. சிலர் பழைய டியூபை வெட்டி டயருக்குள் பட்டையாக வைக்கிறார்கள். முள்ளைத் தடுக்கும், ஆனால் டயரை மறுபடி எருமையாக்கிவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒட்டுப் பெட்டி ஒன்றைப் பையில் வைத்து, ஒட்டுவதற்குப் பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கள். பெண் பிள்ளை ஓட்டுவதானால் அவளுக்குத்தான் முதலில் பழக்க வேண்டும். வழியில் நின்று யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லாமல் போகும்.

பெற்றோல் நிலையத்தின் காற்றுக் குழாயில் மட்டும் பிள்ளைகளைச் சைக்கிளுக்குத் தனியாகக் காற்றடிக்க விடாதீர்கள். அது லொறிக்கானது. சைக்கிள் டியூபில் காற்று ஒரு கணத்தில் அளவு மீறிப் பட்டென்று வெடித்துவிடும். வீட்டுக்கு ஒரு கைப்பம்பு வாங்கி வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இதெல்லாம் சரி, உண்மையில் டயர்தான் காரணம் என்று எப்படி நம்புவது என்று கேட்கிறீர்களா? அந்தச் சகோதரியும் கேட்டார். அதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1887இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜோன் டன்லொப் என்றொரு மிருக வைத்தியர் இருந்தார். தன் சிறு மகனின் மூன்று சில்லுச் சைக்கிள் கடகடவென்று ஆடுவதைப் பார்த்து, மெல்லிய இறப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சில்லைச் சுற்றிக் கட்டினார். பிறகு பழைய சில்லையும் காற்றடைத்த சில்லையும் முற்றத்தில் உருட்டி விட்டார். பழையது பாதியில் விழுந்தது. காற்றுச் சில்லு முற்றத்தைத் தாண்டிக் கதவில் போய் மோதியதாம். 1845இலேயே ரொபர்ட் தொம்சன் என்பவர் காற்றுச் சில்லுக்கு உரிமம் பெற்றிருந்தார், ஆனால் உலகம் அதை மறந்துவிட்டிருந்தது. உலகத்துச் சைக்கிள்களுக்கெல்லாம் காற்று டயர் வரக் காரணமானது, பிள்ளை படும் அவதியைப் பார்த்த ஒரு தகப்பன்தான். அந்த டயர்களுக்கு இறப்பர் கொடுத்ததில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவில் 1876இல் நடப்பட்ட கன்றுகளோடுதான் ஆசியாவின் இறப்பர்ச் செய்கை தொடங்கியது.

நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். குளக்கட்டிலிருந்து இறங்கும் பாதை போல மெதுவான சரிவொன்று போதும். வாகனம் வராத இடம், காற்று வீசாத காலை நேரம். பிள்ளை ஒரே இடத்திலிருந்து, மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல், சைக்கிளைத் தானாக உருள விட வேண்டும். நிற்கும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். பிறகு காற்றை மட்டும் மாற்றிச் செய்யுங்கள். பிறகு டயரை மாற்றிச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

சோதனைக்கு முன்னர் சில்லைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிரேக் கட்டை உரசிக்கொண்டிருந்தால் டயரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. செயினுக்கு எண்ணெய், ஆசனத்தின் உயரம் இவையும் முக்கியம். பத்தாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்பில் வைத்த ஆசன உயரத்திலேயே முழங்காலை மடித்துக்கொண்டு ஓட்டுவதை எத்தனை வீட்டில் பார்க்கிறேன்!

சகோதரி இரண்டாவது கடிதம் எழுதினார். இது ஒரு பக்கம்தான். சோதனையை மகனும் அவனுடைய தங்கையுமாகச் செய்தார்களாம். கல் வைத்தது தங்கை. பின்டயர் ஒன்றை மட்டும் மாற்றிக் காற்றையும் சரிசெய்த பின், பழைய கல்லுக்கும் புதிய கல்லுக்கும் இடையில் அவனுடைய அடியால் இருபத்திரண்டு அடி! மாலை வகுப்பை விடுவதாகச் சொன்னவன் இப்போது அஸர் தொழுதுவிட்டுத் தானாகவே கிளம்பிவிடுகிறானாம். கணிதத்தில் இன்னும் புள்ளி போதாது என்று அதே கடிதத்தில் முறைப்பாடும் இருக்கிறது. அதற்கு என்னிடம் டயர் இல்லை.

கழற்றிய கட்டை டயரை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். எறிய வேண்டாம். மாரி தொடங்கிக் கிறவல் பாதை சேறாகும்போது அதைப் பின்சில்லில் போட்டுக்கொள்ளலாம், சேற்றுக்கு அது நல்ல டயர். அதுவரை வெயிலும் மழையும் படாமல் வீட்டுக்குள் ஆணியில் தொங்கவிடுங்கள். கோழிக்கூட்டுக்கு மேலேயோ கிணற்றடியிலேயோ போட்டுவிட வேண்டாம். டயருக்குள் தேங்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் போதும் டெங்கு நுளம்புக்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டது. தேய்ந்து முடிந்த டயரென்றால் இரண்டு மூன்று இடத்தில் துளை போட்டு, தண்ணீர் நிற்காதபடி செய்த பிறகே வெளியே வையுங்கள்.